ஒன்பதாவது கையெழுத்து

இன்று வீட்டுக்கு ஒரு சிவப்புச் சோப்பு வந்தது. பழைய கார்பாலிக் சோப்பு. என் தங்கச்சி மகள் செனாவாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வந்திருக்கிறாள். "இதுல கழுவுனா கிருமி அண்டாதாம் பெரியம்மா" என்று சொல்லிக் குழாயடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் காகிதத்தைப் பிரித்தேன். அந்த வாசனையில் நீ வந்து நின்றுவிட்டாய். முழங்கை வரை நுரை, இடுப்பில் செருகிய முந்தானை, அந்த அதட்டல். "தண்ணி ஊத்து புள்ள. வேடிக்கையா பாக்குற?"

நீ கண்ணை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. நீ இருந்தபோதும் நான் உனக்குக் கடிதம் எழுதியதில்லை. பஸ் ஏறினால் அம்பாங்கானில் உன் வீடு, எழுத என்ன இருந்தது? இப்போது எழுதுவதற்குச் சோப்பு மட்டும் காரணமில்லை. வயிறு எரிகிறது. அதை உன்னிடம்தான் கொட்ட முடியும்.

சாயங்காலம் டிவியில் காட்டினார்கள். ஊர் உலகமெல்லாம் இந்த நோயில் செத்துக்கொண்டிருக்கிறது, ஒரு நாட்டில் உலகத்து விளையாட்டுக்காரர்களை எல்லாம் கூட்டிப் பெரிய போட்டி நடத்தப் போகிறார்களாம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் நர்ஸ் மிஸ்ஸிமார் மாடி ஜன்னலில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். எங்களால் தாங்கவில்லை, நிறுத்துங்கள் என்று அர்த்தமாம். அடுத்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். சிரித்த முகம். எல்லாம் பத்திரமாக நடக்கும், கவலைப்பட வேண்டாம் என்றார்.

"நீ வந்து ஒரு நாளு சளிச் சட்டி கழுவிப் பாருடா, அப்புறம் சிரி" என்று நான் கத்திவிட்டேன்.

தங்கச்சி மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "ஏன் பெரியம்மா டிவிய ஏசுறீங்க? அவருக்குக் கேக்கவா போகுது லா."

அவருக்குக் கேட்காது. நம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கும் கேட்கவில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டுக் கம்யூனிஸ்டுகளைத் தேடிய காலம். பகாவுக்குப் போகிற சாலையில் நம் ரப்பர்த் தோட்டம். காட்டுக்குள் இருந்தவர்களுக்கு அரிசியும் மருந்தும் போய்விடக் கூடாதென்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயத்து வீடுகளைப் பிடுங்கி ஒரே இடத்தில் நட்டு, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். இருட்டினால் கேட்டை மூடிவிடுவார்கள். விடிந்து பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், பால் வெட்டப் போகிறவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று கையைத் தூக்க வேண்டும். மடியைத் தடவிப் பார்ப்பார்கள். வாளிக்குள் துப்பாக்கி முனையை விட்டுப் பார்ப்பார்கள். ஒரு வாய் சோற்றைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. கருவுற்ற பெண்களும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார்கள். வருஷக் கணக்கில் அப்படி.

அந்தக் கேட்டில் யாரும் தொடாத ஒரே சாமான் உன் பைதான். நம் தோட்டத்துக்கும் சுற்றியிருந்த நான்கு தோட்டங்களுக்கும் மருத்துவச்சி நீ ஒருத்திதான். எந்த நேரத்திலும் போய்வர உன்னிடம் பாஸ் இருந்தது. கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு நீ வந்தாலே காவல்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளைப்பேற்றுத் துணி, கத்தரிக்கோல், நூல், இதையெல்லாம் ஆம்பளை தொடலாமா? தீட்டு என்று நம் ஆள் ஒதுங்குவான், மலாய்க்காரப் பையன் வெட்கப்பட்டு ஒதுங்குவான். "இந்த நாட்டுலயே சோதன போடாத சாமான் எம் பைதான் புள்ள" என்று நீ சிரிப்பாய்.

நான் ஆஸ்பத்திரி ஆயா. பத்துக் கட்டில் போட்ட வார்டு, ஒரு மருந்து அறை, ஒரு டிரெசர், நீ, நான். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை காரில் வந்து, செருப்பில் மண் ஒட்டுவதற்குள் போய்விடுவார். ஊசி போடுவதும், புண் கட்டுவதும், யார் வேலைக்குப் போகலாம் யார் படுக்கலாம் என்று சீட்டு எழுதுவதும் டிரெசர்தான். பயந்த மனுசன். ஆனால் பொய்ச் சீட்டு எழுத மாட்டார்.

அந்தக் காய்ச்சல் கப்பலில் வந்தது என்றார்கள். துறைமுகத்தில் இறங்கி, பட்டணத்தில் பரவி, பஸ்ஸில் ஏறி பகாவ் வரைக்கும் வந்துவிட்டது. முதலில் நம் வார்டில் இரண்டு பேர். மறுவாரம் கட்டில் எல்லாம் நிறைந்து, தரையில் பாய் போட்டோம். உடம்பு அடித்துப் போட்டதுபோல வலிக்கும், நெருப்பாய்ச் சுடும், இளசுகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் நெஞ்சில் பிடித்துக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்தில் ஏழு மாதக்காரி ஒருத்தியை நீ கண்ணெதிரே பறிகொடுத்துவிட்டு வந்தாய். அன்றைக்கு இந்தச் சோப்பைப் போட்டுக் கழுவினாய், கழுவினாய், கழுவிக்கொண்டே இருந்தாய். நான் ஊற்றிய தண்ணீர் வாளியில் தீர்ந்துபோனது.

அப்போதுதான் பந்து வந்தது.

பல நாட்டு அணிகள் வந்து ஆடும் பெரிய பந்துப் போட்டி. அதில் ஒரு நாள் ஆட்டம் சிரம்பானில். வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது, கூலிகள் குஷியாக இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமாம். துரைமார்கள் கூடிப் பேசி, தோட்டத்துக்கு இத்தனை லாரி என்று முடிவு செய்துவிட்டார்கள். முன்னும் பின்னும் ராணுவ வண்டி. அன்று ஒரு நாள் கேட்டு திறந்தே இருக்கும். பெரட்டில், தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி இதைப் படித்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பொய் சொல்லி என்ன?

நீ தட்டவில்லை. "அஞ்சு தோட்டத்துக் காய்ச்சலையும் ஒரே லாரியில ஏத்தி, ஒரே மைதானத்துல எறக்கி, கலக்கி, திருப்பிக் கொண்டாந்து நம்ம லயத்துல கொட்டப் போறானுங்க" என்றாய். டிரெசரிடம் நேராகப் போனாய். அவர் கையைப் பிசைந்தார். ஒரு தோட்டத்து டிரெசர் தனியாகச் சொன்னால் துரை தூக்கி எறிந்துவிடுவார் என்றார். "அப்ப எல்லாரும் சேந்து சொல்லுங்க" என்றாய். அவர் இங்கிலீஷில் எழுதினார். சுகாதார அதிகாரிக்கு. நிறுத்துங்கள் என்றுகூட எழுதவில்லை. மூன்று வாரம் தள்ளி வையுங்கள், அல்லது தோட்டத்து ஆட்களைக் கூட்டிப்போகாதீர்கள், அவ்வளவுதான் கேட்டார்.

கீழே ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டார். அவர் ஒன்று, நீ இரண்டு. மற்ற நான்கு தோட்டத்து டிரெசர்கள், இரண்டு ஆஸ்பத்திரி ஆயாக்கள். இவர்களிடம் கையெழுத்து வாங்குவது உன் வேலை. உனக்குத்தான் பாஸ் இருந்தது. எந்தத் தோட்டத்தில் வலி கண்டாலும் ஓடினாய், பிள்ளையை எடுத்துக் கொடுத்தாய், வரும் வழியில் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நுழைந்து கையெழுத்து வாங்கினாய். காகிதத்தை மடித்துப் பிறப்புப் பதியும் புத்தகத்துக்குள் வைத்தாய், புத்தகத்தைப் பைக்குள் துணிகளுக்கு அடியில்.

ஒன்பதாவது இடம் எனக்கு.

நீ என்னிடம் காகிதத்தை நீட்டியது துணி அவிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில். நான் கையை ஈரம் என்று காட்டினேன். நீ துடைத்துவிட்டாய். "இங்கிலீசுல இருக்கு. படிக்கத் தெரியாததுல எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?" என்றேன். நான் மூன்றாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள், அந்தப் பெருமை வேறு. நீ கோபப்படவே இல்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டிரெசரிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்ததை, வரி வரியாகத் தமிழில் சொன்னாய். சொல்லி முடித்ததும் எனக்குச் சாக்கு எதுவும் மிஞ்சவில்லை.

"காலையில போடுறேன்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். "சரி. ஒன் எடம் இருக்கு" என்று மடித்து வைத்துக்கொண்டாய்.

பயமென்று நீ நினைத்திருப்பாய். பயமில்லை புள்ள. எனக்கு அந்த லாரியில் போக வேண்டும். இருபத்திரண்டு வயசு எனக்கு. நீலப் புடவை ஒன்று பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. கம்பி வேலிக்கு வெளியே, கையைத் தூக்கச் சொல்ல ஆளில்லாத ஓர் இடத்தில், அதைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவு அற்பமான ஆசை.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டேன். என் அண்ணனை உனக்குத் தெரியும். தோட்டத்துப் பந்து அணியில் கோல் காப்பவன். அண்ணிக்கு எட்டு மாதம். உன் கையால்தான் பெறுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டே பேசினான். "ஒரே ஒரு நாளு மனுசனாட்டம் நிக்கப் போறோம். வெளிநாட்டு கோல்கீப்பர் எப்பிடிப் பாயுறான்னு இந்தக் கண்ணால பாக்கணும்."

என் வாய் சும்மா இருந்ததா? "ரொம்ப ஆடாத. லாரி வருதோ இல்லையோ. டிரெசரும் மருத்துவச்சியும் சேந்து நிறுத்தச் சொல்லி எழுதியாச்சு. அஞ்சு தோட்டத்துலயும் கையெழுத்து வாங்கியாச்சு."

"எங்க இருக்கு அந்தக் கடுதாசி?"

"புள்ளப்பேறு பையில. வேற எங்க இருக்கும்?"

எனக்கு ரகசியம் தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் சொன்னேன். இத்தனை வருஷமும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இன்று உனக்கு எழுதுவதால் முழுசாகவே எழுதுகிறேன். அந்தக் காகிதம் போய்ச் சேரக் கூடாது என்று மனசின் ஓரத்தில் இருந்தது. இருந்தது.

அண்ணன் கெட்டவன் இல்லை. கள்ளுக்கடையில், வேலை வாங்கும் மண்டோரிடம் புலம்பியிருக்கிறான். மண்டோர் கிராணியிடம் சொன்னான். கிராணி கேட்டில் சொன்னார்.

மறுநாள் காலை பால் வெட்டுக்காரர்கள் கேட்டில் வரிசையில் நிற்கிறார்கள். நான் வார்டுக்குத் தண்ணீர் எடுக்கக் குழாய்க்கு வந்தவள், அங்கேயே நின்றுவிட்டேன். நீ பக்கத்துத் தோட்டத்தில் பிரசவம் பார்த்துவிட்டு வெளியிலிருந்து வருகிறாய். கண் சிவந்திருக்கிறது. வழக்கம்போலப் பையோடு நேராக உள்ளே நடக்கிறாய். கிராணி மேசைக்குப் பக்கத்தில் நிற்பதை நீ கவனிக்கவில்லை. சார்ஜண்ட் கையை நீட்டினான். "பெக்" என்று பையைக் கேட்டான்.

உனக்குப் புரியவில்லை. அவன் பையை வாங்கி மேசையில் தலைகீழாகக் கவிழ்த்தான். துணி, நூல், கத்தரிக்கோல், சோப்பு. அவ்வளவு ஆம்பளைகள் முன்னால். புத்தகத்தை உதறினான். காகிதம் விழுந்தது.

எட்டுப் பேர். ஐந்து தோட்டம். எல்லாரும் மருந்து கையாளுகிறவர்கள். அந்தக் காலத்தில் ஒரு பெயர்ப் பட்டியலை மறைத்து எடுத்துப்போவது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டில் நின்ற எல்லாருக்கும் தெரியும். காட்டுக்கு மருந்து போகிறது. நமக்கு மட்டும் அது ஏன் தோன்றவில்லை? சோற்றை ஒளிக்கக் கூடாது, பேட்டரியை ஒளிக்கக் கூடாது என்று தெரிந்த நாம், ஒரு நியாயமான கடிதத்தைத் தபாலில் போடாமல் ஒளித்து எடுத்துப்போனோம். தபால் பை கிராணி கையில் இருந்தது, அதனால். வேறு வழி எதுவும் நமக்குப் பழக்கமில்லை.

"யாரு சொல்லி எழுதின?" என்று கிராணி கேட்டார். "மாட்ச நிறுத்தச் சொல்லி ஒனக்கு யாரு ஆர்டர் குடுத்தா?"

"காய்ச்சலு சொல்லுச்சு" என்றாய்.

ஜனங்கள் உன் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தாயா? வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான். "இவனுங்க அடைச்சு வச்சது பத்தாதுன்னு நீயும் அடைக்கப் பாக்குறியா?" இன்னொருத்தி, நீ இரண்டு பிள்ளை எடுத்துக் கொடுத்தவள், காறித் துப்பினாள். நீ அவர்கள் பக்கம் திரும்பினாய். "மூணு வாரம் கழிச்சுப் போங்க. நானே கூட வர்றேன். இப்ப வேணாம்." அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. உன்னிடம் நான் அதற்கு முன்னும் பின்னும் கெஞ்சல் கேட்டதில்லை.

டிரெசர் ஓடிவந்தார். நான்தான் எழுதினேன் என்று சொல்லத்தான் செய்தார், அந்த மனுசனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி நடக்காது என்று துரைக்குத் தெரியும். ஏசி விட்டுவிட்டார்கள், பிறகு வேறு தோட்டத்துக்குத் தூக்கியடித்தார்கள். மற்ற டிரெசர்களில் இருவர் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் போட்டோம் என்றார்களாம். இங்கிலீஷ் தெரிந்தவர்கள். ஒளித்து எடுத்து வந்தவள் என்று உன்னை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஏறும்போது குழாயடியில் நின்ற என்னைப் பார்த்தாய். நான் குடத்தைப் பார்த்தேன்.

இப்போது கேள். இதை நான் உன் முகத்துக்கு நேராகச் சொன்னதே இல்லை. நான் லாரியில் போனேன். நீ பகாவ் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தாய், நான் நீலப் புடவை கட்டிக்கொண்டு சிரம்பான் போனேன். நெருக்கியடித்து நின்றோம், மூச்சு விட இடமில்லை. லாரிக்குள் ஒருத்தன் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தான். நான் ஆஸ்பத்திரி ஆயா. அந்த இருமல் எனக்குத் தெரியும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன், பக்கத்தில் நின்ற அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைதானத்தில் கச்சான் கடலை வாங்கித் தின்றோம். வெளிநாட்டு கோல்கீப்பர் பாய்ந்தபோது அண்ணன் என்னைத் தோளோடு தூக்கிவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அதுதான் இன்றுவரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

நாலாம் நாள் பெரட்டில் பேர் கூப்பிட்டால் பாதிப் பேருக்குப் பதில் இல்லை. வார்டில் பாய் போட இடமில்லாமல் தாழ்வாரத்தில் போட்டேன், பிறகு வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அங்கே போட்டேன். காய்ச்சல் மருந்துத் தண்ணியில் பச்சைத் தண்ணீரைக் கலந்து கலந்து கொடுத்தோம். கேட்டில் சோதனை போடுகிறவனே துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றான். அண்ணன் படுத்தான். மூன்று நாளில் எழுந்துவிட்டான். அவனிடமிருந்து அண்ணி படுத்தாள்.

அவளுக்கு நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. நான் ஓடினேன். நீ பார்க்கும்போது தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், துணி கொடுத்திருக்கிறேன், விளக்குப் பிடித்திருக்கிறேன். ஒருநாளும் கை வைத்ததில்லை. உன் கத்தரிக்கோல் பையோடு போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது, சாட்சியாக. புண்ணுக்குத் துணி வெட்டுகிற கத்தரிக்கோலைப் போட்டு அவித்தேன். வார்டு ஜன்னலில் நீ விட்டுப்போன சோப்புத் துண்டு ஒன்று கிடந்தது, விரல் நகம் அளவுக்கு. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அண்ணி இருமலுக்கு நடுவில் ஒரே கேள்வியைக் கேட்டாள். "மருத்துவச்சிய எங்க? வரச் சொல்லேன்." வருகிறாள், வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். "கேட்டுல விட மாட்டேங்குறானுங்களா? நீ போய்ச் சொல்லு. எம் பேரச் சொன்னா விடுவானுங்க." அண்ணன் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிள்ளை அழவில்லை. அண்ணி மறுநாள் மத்தியானம் வரை இருந்தாள்.

கிராணி துக்கம் கேட்க வந்தார். எல்லாம் விதி என்றார். விதிக்கு லாரி எதுக்கய்யா என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பது? நானும் அந்த லாரியில் இருந்தவள். பிறகு ஊரில் பேசினார்கள், காய்ச்சல் எல்லா இடத்துக்கும்தான் வந்தது, மாட்சுக்குப் போகாத தோட்டத்திலும் செத்தார்கள் என்று. உண்மைதான். லாரி போகாவிட்டாலும் காய்ச்சல் நம் லயத்துக்குள் வந்திருக்கலாம். ஆனால் நீ இருந்திருப்பாய். உன் கை இருந்திருக்கும். அதற்கு எவன் பதில் சொல்வான்?

இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று உன்னை விட்டார்கள். ஒன்றுமில்லையாம்! தோட்டத்துக்குள் நுழையக் கூடாது என்று துரை சொல்லிவிட்டார். உன் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு பகாவ் பஸ் நிறுத்தத்துக்கு நான் வந்தேன். மெலிந்துபோயிருந்தாய். கையில் அந்தக் கறுப்புப் பை. என்னைப் பார்த்ததும் சிரித்தாய்.

"அண்ணிக்கு என்ன புள்ள?" என்றாய். "ஆணா பொண்ணா?"

நான் சொன்னேன். அந்தக் கடைக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, நீ பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாய். நான் அதையும் சொன்னேன். "பை விசயம் நாந்தான் சொன்னேன். அண்ணங்கிட்ட."

"தெரியும்" என்றாய். "ஏறுறப்ப ஒன் மூஞ்சியப் பாத்தனே."

"ஏசு. செருப்பக் கழட்டி அடி."

"ஒங் கையெழுத்து இருந்திருந்தா ஒன்னையும் ஏத்தியிருப்பானுங்க. வார்டுல ஒரு ஆளுமில்லாமப் போயிருக்கும்" என்றாய். பஸ் வந்தது. ஏறிவிட்டாய்.

அந்த ஒரு சொல்லுக்காக உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? என்னை நீ ஏசியிருக்க வேண்டும். ஒரு தடவை. அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் கூட இருந்தாய், தீபாவளிக்கு முறுக்கு அனுப்பினாய், என் முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்தாய், சிரம்பானில் எத்தனையோ பிள்ளைகளை எடுத்தாய். அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. நான் எடுத்தால், "அட விடு புள்ள, பால் பொங்குது பாரு" என்பாய். கடனைக் கேட்காமல் இருப்பது பெரிய தண்டனை. உனக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ.

நீ போன பிறகு உன் மகன் அந்தப் பிறப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். உங்களுக்குத்தான் என்று அம்மா சொல்லியிருந்தது என்றான். திறந்தேன். நடுவில் காகிதம். ஒன்றுமில்லை என்று பையோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், நீ பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய். மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. எட்டுப் பெயர். ஒன்பது என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வெற்று இடம்.

அந்தப் புத்தகத்தைத்தான் இன்று இந்தச் சோப்பு வாசனையோடு எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். பேனாவைத் திறந்தபோது ஒன்பதாம் இடத்தில் போட்டுவிடலாமா என்று தோன்றியது. என் பெயர் அஞ்சலை. நாலு எழுத்து. ஒரு நொடி வேலை.

அப்போது தங்கச்சி மகள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"பேக்டரி விசயம் பெரியம்மா. பஸ்ஸுல சீட்டுக்கு ரெண்டு பேரா நெருக்கி ஏத்துறாங்க. எங்க லைன்ல ஆறு பேருக்குக் காய்ச்சலு. ஆள பாதியா ஏத்தச் சொல்லி எழுதியிருக்காங்க. எல்லாரும் சைன் பண்ணணுமாம்."

"நீ போட்டியா?"

"பாப்போம் லா. சூப்பர்வைசர் ஒரு மாதிரி. நாளைக்குப் போடுறேன்."

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "நாளைக்கா?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. ஐம்பதை நெருங்குகிற பெண், சின்னப் பிள்ளை மாதிரி விழித்தாள். நான் பேனாவை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "கையக் கழுவு. கழுவிட்டுப் போடு. அப்புறம் சோறு."

"என்னா பெரியம்மா ஒங்களுக்கு இன்னைக்கு? டிவிய ஏசுறீங்க, என்ன ஏசுறீங்க."

"ஆமா, ஏசுறேன். ஏசுறதுக்கு ஆளில்லாமத்தான் நான் கெட்டேன். எந்திரி."

முணுமுணுத்துக்கொண்டே போய் அந்தச் சிவப்புச் சோப்பில் கை கழுவி வந்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். வந்து உட்கார்ந்து, காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போட்டாள்.

பிறகு நான் நம் காகிதத்தை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, புத்தகத்துக்குள் வைத்தேன். ஒன்பதாம் இடத்தில் நான் போடவில்லை புள்ள. போட மாட்டேன். இப்போது போட்டால் நானும் அன்றைக்கு உன்னோடு இருந்தேன் என்று ஆகிவிடும். நான் இல்லை. நான் போனால் இந்தப் புத்தகம் இவளுக்குத்தான், அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று அவளிடம் இன்று சொல்லிவிட்டேன்.